பள்ளிக் கட்டிடங்களுக்கான சூரிய–காற்றுக் கலப்பு மின்னமைப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு பள்ளிக்குச் சூரிய ஒளியிலிருந்தும் காற்றிலிருந்தும் மின்சாரம் எடுக்கத் திட்டமிடும் நிர்வாகிகள், ஆசிரியர்கள், பொறியாளர்கள் ஆகியோருக்கு எழும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்படுகிறது. கணக்குகள் அனைத்தும் எடுத்துக்காட்டான ஒரு மாதிரிப் பள்ளியை வைத்துச் செய்யப்பட்டுள்ளன. உங்கள் பள்ளியின் எண்களை அவற்றின் இடத்தில் இட்டு நீங்களே திரும்பக் கணக்கிட்டுக்கொள்ளலாம்.

கலப்பு மின்னமைப்பில் என்னென்ன உறுப்புகள் உள்ளன?

சூரிய மின்தகடுகள், ஒரு சிறிய காற்றாலை, இவை ஒவ்வொன்றுக்கும் உரிய கட்டுப்பாட்டுக் கருவி, பேட்டரித் தொகுதி, நேர்மின்னோட்டத்தை மாறுமின்னோட்டமாக்கும் இன்வெர்ட்டர், மிகுதி மின்சாரத்தை வெப்பமாக்கிக் கழிக்கும் மின்தடைச் சுமை, பாதுகாப்புச் சாதனங்கள், அளவீட்டுக் கருவிகள் ஆகியவையே முதன்மையான உறுப்புகள். மின்கட்டமைப்பு (ஊருக்கெல்லாம் மின்சாரம் வழங்கும் பொதுக் கம்பிவழி) எட்டும் இடமானால் அதனோடு இணைப்பதற்கான மீட்டரும் இவற்றோடு சேரும்.

சூரிய மின்சாரம் மட்டும் போதாதா? காற்றாலை எதற்கு?

பல பள்ளிகளுக்குச் சூரிய மின்சாரம் மட்டுமே போதும் என்பதுதான் நேர்மையான விடை. மருத்துவமனையோ விடுதியோ இரவும் பகலும் மின்சாரம் கேட்கும். பள்ளியோ காலையில் விழித்து மாலையில் ஓய்ந்துவிடுகிறது. அதன் மின்தேவை ஏறி இறங்கும் நேரமும் வெயில் ஏறி இறங்கும் நேரமும் ஏறத்தாழ ஒன்றோடொன்று பொருந்துகின்றன. இந்தப் பொருத்தம் பள்ளிக்கு இயல்பாகவே கிடைத்திருக்கும் பெரிய அனுகூலம். அதை முழுமையாகப் பயன்படுத்திய பிறகே காற்றைப் பற்றி யோசிக்க வேண்டும்.

காற்றாலை பொருள் உள்ளதாவது மூன்று சூழல்களில். முதலாவது, மேகமூட்டம் நீடிக்கும் மாதங்களில்தான் அங்கே காற்றும் வலுத்து வீசுகிறது என்றால், ஒன்று குறையும்போது மற்றொன்று ஈடுகட்டும். இரண்டாவது, விடுதி, இரவு வகுப்பு, பேரிடர்க்கால முகாம் போன்ற இரவுத் தேவைகள் அந்த வளாகத்துக்கு இருக்கலாம். மூன்றாவது, மின்கட்டமைப்பு எட்டாத இடத்தில் தொடர்ந்து இரண்டு மூன்று நாட்கள் வெயில் இல்லாமற்போனால் பேட்டரியை மட்டும் நம்பியிருக்க வேண்டிய நிலை வரும். அப்போது இரண்டாவது மூலம் ஒன்று இருப்பது பேட்டரியின் அளவைக் குறைக்கும். இவற்றில் ஒன்றுகூடப் பொருந்தாத பள்ளி, காற்றாலைக்கு ஒதுக்கிய தொகையில் மேலும் சில மின்தகடுகளை வாங்குவதே நல்லது என்பது என் உறுதியான கருத்து.

வடிவமைப்பை எங்கிருந்து தொடங்க வேண்டும்?

மின்தகட்டிலிருந்தோ காற்றாலையிலிருந்தோ அல்ல, மின்தேவைப் பட்டியலிலிருந்து. ஒவ்வொரு கருவியும் எத்தனை வாட் எடுக்கிறது, எத்தனை மணி நேரம் ஓடுகிறது, எந்த நேரத்தில் ஓடுகிறது என்ற மூன்றையும் எழுத வேண்டும். பெரும்பாலான பட்டியல்களில் மூன்றாவது விட்டுப்போகிறது. பேட்டரியின் அளவை முடிவு செய்வதோ அதுதான்.

பத்து வகுப்பறைகள் கொண்ட ஒரு பள்ளியை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு வகுப்பறையிலும் 20 வாட் எல்இடி விளக்குகள் நான்கும், பிஎல்டிசி எனப்படும் சிக்கன மோட்டார் கொண்ட 30 வாட் மின்விசிறிகள் நான்கும் இருந்தால் அறைக்கு 200 வாட், பத்து அறைகளுக்கு 2,000 வாட்; ஆறு மணி நேரத்துக்கு 12 கிலோவாட் மணி, அதாவது 12 யூனிட். கணினி அறையில் 50 வாட் எடுக்கும் இருபது கணினிகள் நான்கு மணி நேரம் ஓடினால் 4 யூனிட். அலுவலகமும் ஆசிரியர் அறையும் சேர்ந்து 500 வாட் வீதம் ஏழு மணி நேரத்துக்கு 3.5 யூனிட். 750 வாட் நீரேற்றும் மோட்டார் ஒன்றரை மணி நேரத்துக்கு 1.1 யூனிட். குளிர்சாதனப் பெட்டிக்கு 1 யூனிட். நாள் முழுதும் ஓடும் இணைய மோடமும் கண்காணிப்புக் கேமராக்களும் 60 வாட் வீதம் 1.4 யூனிட். இரவில் பதினொரு மணி நேரம் எரியும் 15 வாட் வளாக விளக்குகள் பத்துக்கு 1.7 யூனிட். மொத்தம் ஏறத்தாழ 25 யூனிட்.

இதில் இரவுக்குரிய பங்கு, அதாவது வளாக விளக்குகளும் மோடம், கேமரா, குளிர்சாதனப் பெட்டி ஆகியவற்றின் இரவு நேரப் பகுதியும் சேர்ந்து, சுமார் 3 யூனிட்தான். மீதி 22 யூனிட்டும் பகலில் செலவாகிறது. முந்தைய கேள்விக்கான விடையில் சொன்ன பொருத்தத்தை இந்த எண்களில் நேராகவே காணலாம்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அதே நாற்பது மின்விசிறிகள் பழைய வகை 75 வாட் விசிறிகளாக இருந்திருந்தால் நாளொன்றுக்கு 10.8 யூனிட் கூடுதலாகச் செலவாகியிருக்கும். விசிறியை மாற்றுவது எளிய வேலை; அந்த 10.8 யூனிட்டை உற்பத்தி செய்ய ஏறத்தாழ 3 கிலோவாட் மின்தகடுகள் வேண்டும். ஆகவே சிக்கனமே முதல் மின்நிலையம் என்று கருதி, பழைய கருவிகளை மாற்றிய பிறகே உற்பத்தியின் அளவைக் கணக்கிட வேண்டும். மின்சாரத்தால் அறையைச் சூடேற்ற வேண்டிய குளிர்ந்த இடங்களில் கணக்கு முற்றிலும் வேறாகிவிடும். அங்கே சுவர், கூரை, சன்னல் ஆகியவற்றின் வெப்பக் காப்பே முதலில் கவனிக்க வேண்டியது.

எத்தனை கிலோவாட் மின்தகடுகள் தேவை?

ஒரு நாளில் கிடைக்கும் மொத்த வெயிலை, சதுர மீட்டருக்கு 1,000 வாட் என்ற முழு வெயில் எத்தனை மணி நேரம் அடித்ததற்குச் சமம் என்று மாற்றிச் சொல்வதே உச்ச வெயில் மணி எனப்படுவது. வெப்பம், தூசு, கம்பி, இன்வெர்ட்டர் ஆகியவற்றால் ஏற்படும் இழப்புகளுக்குப் பிறகு சுமார் 75 விழுக்காடு கைக்கு வரும் என்று கொண்டால், தேவையான யூனிட்டை உச்ச வெயில் மணியாலும் 0.75 ஆலும் வகுக்க வேண்டும். ஐந்து உச்ச வெயில் மணி உள்ள மாதத்தில் நம் மாதிரிப் பள்ளிக்கு 6.7 கிலோவாட் போதும். 3.5 மணி மட்டுமே உள்ள மாதத்தில் 9.5 கிலோவாட் வேண்டும்.

மின்கட்டமைப்போடு இணைந்த பள்ளி ஆண்டுச் சராசரியை வைத்துக் கணக்கிடலாம். குறையும் மாதத்தில் வெளியிலிருந்து வாங்கிக்கொள்ளும். தனித்து இயங்கும் பள்ளி, மிக மோசமான மாதத்தைத்தான் அடிப்படையாகக் கொள்ள வேண்டும். ஆனால் அந்த மாதம் ஆண்டு விடுமுறைக்குள் வந்துவிட்டால் அதைக் கணக்கிலிருந்து விட்டுவிடலாம். பள்ளி நாட்காட்டியை வெயில் அட்டவணைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இது உடனே தெரியும்.

வெயில் விவரங்களுக்கு நாசாவின் பவர் தரவுத்தளம், ஐரோப்பிய ஆணையத்தின் பிவிஜிஐஎஸ், உலக வங்கியின் ஆதரவில் உருவான குளோபல் சோலார் அட்லஸ் ஆகியவை கட்டணமின்றிக் கிடைக்கின்றன. பள்ளிக்கு அருகே மலையோ உயரமான கட்டிடமோ நிழல் தருமானால் அதை நேரில் பார்த்து மாதவாரியாகக் கழிக்க வேண்டும்.

எங்கள் வளாகத்தில் காற்று நன்றாகவே அடிக்கிறது. அது போதுமா?

உணர்வை நம்பி முடிவெடுக்கக் கூடாத இடம் இதுதான். காற்றிலுள்ள ஆற்றல் அதன் வேகத்தின் மும்மடிக்கு, அதாவது வேகம் × வேகம் × வேகம் என்ற பெருக்கத்துக்கு, ஏற்ப மாறுகிறது. வேகம் இரட்டித்தால் ஆற்றல் எட்டு மடங்காகும். வேகம் பாதியானால் எட்டில் ஒரு பங்காகச் சுருங்கும். விநாடிக்கு 4 மீட்டருக்கும் 5 மீட்டருக்கும் உள்ள வேறுபாடு முகத்தில் படும்போது பெரிதாகத் தெரியாது. ஆனால் ஆற்றலில் அது ஏறத்தாழ இரண்டு மடங்கு.

ஆகவே காற்றாலையின் சுழல் மையம் அமையவிருக்கும் உயரத்தில், அல்லது அதற்கு இயன்றவரை நெருக்கமான உயரத்தில், ஒரு காற்றுவேகமானியையும் காற்றுத் திசைகாட்டியையும் நிறுத்தி ஓராண்டு முழுவதும் பத்து நிமிடச் சராசரிகளாகப் பதிவு செய்வதே முறை. குளோபல் விண்ட் அட்லஸ் போன்ற வரைபடங்கள் ஓர் இடத்தை மேற்கொண்டு ஆராயலாமா, கைவிட்டுவிடலாமா என்று தீர்மானிக்க உதவும். ஆனால் பள்ளிக்குப் பக்கத்திலுள்ள மரவரிசையையும் மூன்று மாடிக் கட்டிடத்தையும் அவை அறியா. ஓராண்டு அளக்க இயலாவிட்டால், வெயில் குறையும் காலத்தை உள்ளடக்கிய சில மாதங்களாவது அளந்து, அருகிலுள்ள வானிலை நிலையத்தின் நீண்டகாலப் பதிவுகளோடு ஒப்பிட்டு ஆண்டு முழுமைக்கும் மதிப்பிடலாம். ஓராண்டு காத்திருப்பதா என்று சலிப்படைபவர்களுக்கு ஒரு வழி உண்டு: மின்தகடுகளை முதலில் நிறுவி, அவை வேலை செய்துகொண்டிருக்கும்போதே காற்றை அளக்கலாம். காற்றாலைக்கான இணைப்பிடத்தையும் குழாய்ப் பாதையையும் மட்டும் முன்கூட்டியே விட்டுவைத்தால் போதும்.

ஒரு சிறிய காற்றாலை உண்மையில் எவ்வளவு தரும்?

விளம்பரத்தில் காணும் கிலோவாட் எண்ணைப் பார்க்காதீர்கள். இறக்கைகள் சுழலும் வட்டத்தின் பரப்பைப் பாருங்கள். விநாடிக்கு 11 அல்லது 12 மீட்டர் வேகத்தில் எட்டும் திறனையே பெயர்த்திறனாகக் குறிப்பது வழக்கம். பெரும்பாலான பள்ளி வளாகங்களில் அந்த வேகம் அரிதாகவே வரும்.

கடல்மட்டத்தில் 15 பாகை செல்சியசில் காற்றின் அடர்த்தி கன மீட்டருக்கு 1.225 கிலோகிராம். அதில் பாதியை எடுத்து, வட்டத்தின் பரப்பாலும் வேகத்தின் மும்மடியாலும் பெருக்கினால் அந்த நொடியில் காற்றிலுள்ள திறன் வாட்டில் கிடைக்கும். அதில் 59.3 விழுக்காட்டுக்கு மேல் எந்தக் காற்றாலையாலும் எடுக்க இயலாது என்பதை ஜெர்மானிய இயற்பியலாளர் ஆல்பர்ட் பெட்ஸ் நிறுவினார். இறக்கைகளைக் கடந்த காற்று விலகிச் செல்ல வேண்டியிருப்பதே காரணம். இழப்புகள் யாவும் போக, சிறிய காற்றாலைகளிலிருந்து 25 விழுக்காடு கிடைக்கும் என்று கொள்வது நியாயமானது.

சராசரி வேகத்தை மட்டும் மும்மடியாக்கினால் விடை குறைவாக வரும். காற்று ஒரே வேகத்தில் வீசுவதில்லை. வேகமான சில மணி நேரங்கள் மிகுந்த ஆற்றலைச் சுமந்து வருகின்றன. காற்று வேகங்கள் வழக்கமான ராலே பரவலை (வேகங்கள் சராசரியைச் சுற்றி எப்படிச் சிதறுகின்றன என்று காட்டும் கணித வடிவம்) பின்பற்றும்போது, சராசரியின் மும்மடியை 1.91 ஆல் பெருக்கிச் சரிசெய்ய வேண்டும். 3 மீட்டர் விட்டமுள்ள காற்றாலையின் வட்டப் பரப்பு 7.07 சதுர மீட்டர். சராசரி வேகம் விநாடிக்கு 4 மீட்டரானால் அது நாளொன்றுக்குச் சுமார் 3.2 யூனிட் தரும், 5.5 மீட்டரானால் சுமார் 8.3 யூனிட் தரும். கருவி ஒன்றே, இடம்தான் வேறு.

இதை முந்தைய கணக்கோடு சேர்த்துப் பார்ப்போம். வெயில் குறைந்த மாதத்தில் இந்தக் காற்றாலை நாளுக்கு 5 யூனிட் தந்தால், மின்தகடுகள் 20 யூனிட் தந்தால் போதும், 9.5 கிலோவாட் 7.6 ஆகக் குறையும். ஆக, கோபுரம், அடித்தளம், பராமரிப்பு யாவும் சேர்ந்த ஒரு காற்றாலை, ஏறத்தாழ 2 கிலோவாட் மின்தகடுகளுக்கு, அதாவது கூரையில் பத்துச் சதுர மீட்டர் பிடிக்கும் நான்கைந்து தகடுகளுக்கு ஈடாகிறது. கூரையில் அந்த இடம் இருக்கிறதா என்ற கேள்வியை எழுப்பாமல் காற்றாலைக்கு ஒப்புதல் தரக் கூடாது. மறுபுறம், அந்த 5 யூனிட்டில் பெரும்பங்கு இரவில் வருமானால் அது பேட்டரியின் பாரத்தையும் குறைக்கிறது. அந்த நன்மையையும் கணக்கில் சேர்ப்பதே நடுநிலை.

காற்றாலையைப் பள்ளிக் கூரையின் மேலேயே பொருத்தலாமா?

கூடாது என்பதே என் பரிந்துரை. கட்டிடத்தின் மீது மோதும் காற்று விளிம்பில் பிரிந்து, கூரைக்கு மேலே சுழல்களாக உடைகிறது. இந்தக் கொந்தளிப்பு உற்பத்தியைக் குறைப்பதோடு இறக்கைகளையும் தாங்கிகளையும் (பேரிங்) விரைவில் தேய்த்துவிடும். பிரிட்டனில் 2007 முதல் 2009 வரை கட்டிடங்களில் பொருத்தப்பட்ட 26 சிறு காற்றாலைகளைக் கண்காணித்த வார்விக் காற்றுச் சோதனைகளில், அவற்றின் சராசரி உற்பத்தி பெயர்த்திறனில் 5 விழுக்காட்டைக்கூட எட்டவில்லை. அதிர்வும் கட்டிடத்துக்குள் இறங்கும். கீழே பாடம் நடந்துகொண்டிருக்கும் அறையில் இடைவிடாத உறுமல் கேட்பது எந்த மின்சாரத்துக்கும் ஈடாகாது.

நிமிர்ந்த அச்சுக் காற்றாலைகள் கூரைக்கு ஏற்றவை என்கிறார்களே?

அவை எத்திசைக் காற்றையும் ஏற்கும் என்பது உண்மை. ஆனால் திசையை ஏற்பது வேறு, ஆற்றல் இருப்பது வேறு. கூரை மேல் காற்று மெலிந்தும் சிதறியும் இருந்தால் எந்த வடிவமும் அதிலிருந்து ஆற்றலைப் பிறப்பிக்க இயலாது. உருளைப் பாதிகள் போன்ற சவோனியஸ் வகை, காற்றைத் தடுத்துத் தள்ளப்பட்டே சுழல்வதால் அதன் திறனும் குறைவு. வகுப்பறை விளக்கத்துக்கு அது அழகான மாதிரி; பள்ளியின் மின்தேவைக்கு அதை நம்ப வேண்டாம்.

அப்படியானால் கோபுரத்தை எங்கே, எவ்வளவு உயரத்தில் அமைப்பது?

150 மீட்டர் தொலைவுக்குள் உள்ள மிக உயரமான தடையைவிட இறக்கையின் கீழ்நுனி 9 அல்லது 10 மீட்டராவது உயர்ந்திருக்க வேண்டும் என்பது நெடுங்கால நடைமுறை. தடை ஒன்றின் பின்னே ஏற்படும் கொந்தளிப்பு, அதன் உயரத்தைப் போல இருமடங்கு மேலேயும் இருபது மடங்கு தொலைவுக்கும் பரவக்கூடும். மரங்களானால் இன்றைய உயரத்தை அல்ல, வளர்ந்த பின் எட்டும் உயரத்தைக் கணக்கில் கொள்ள வேண்டும். பத்து மீட்டர் உயரத்தில் விநாடிக்கு 4 மீட்டராக இருக்கும் காற்று, மரங்களும் வீடுகளும் உள்ள நிலப்பரப்பில் 24 மீட்டர் உயரத்தில் சுமார் 4.8 மீட்டராகக் கூடலாம். அந்தச் சிறு கூடுதல் ஆற்றலில் ஏறத்தாழ எழுபது விழுக்காடு உயர்வாகும். கோபுரத்தில் சிக்கனம் பிடித்துக் காற்றாலையைப் பெரிதாக வாங்குவது தலைகீழான சேமிப்பு.

பள்ளியில் இந்தக் கணக்குகளுக்கெல்லாம் முன்னே நிற்பது குழந்தைகளின் பாதுகாப்பு. கோபுரம் சாய்ந்தாலும் அதன் முழு உயரம், இறக்கை நுனி உட்பட, வகுப்பறையையோ விளையாட்டுத் திடலையோ நடைபாதையையோ எட்டாத இடத்திலேயே அமைக்க வேண்டும். அதற்கு மேலும் ஓரளவு இடைவெளி விடுவது நல்லது. இறுக்குக் கம்பிகள் உள்ள கோபுரம் விலை குறைந்தது என்றாலும், ஓடிவரும் பிள்ளைகளின் கண்ணுக்கு அக்கம்பிகள் புலப்படா. ஆகவே அவை அனைத்தையும் வேலிக்குள் அடக்க இடமில்லாவிட்டால் அந்த வகையைக் கைவிட வேண்டும். கோபுரத்தில் ஏற முடியாதபடி கீழே மூன்று மீட்டர் வரை பிடிமானம் எதுவும் இருக்கக் கூடாது. கீலில் சாய்த்து இறக்கத்தக்க கோபுரத்தை நான் பெரிதும் விரும்புகிறேன். பராமரிப்பை நிலத்தில் நின்றே செய்யலாம், கடும்புயல் எச்சரிக்கை வந்தால் முன்கூட்டியே இறக்கியும் வைக்கலாம்.

நிழலையும் மறக்கக் கூடாது. பூமத்தியரேகைக்கு வடக்கே உள்ள இடமானால் கோபுரம் மின்தகடுகளுக்கு வடக்கிலும், தெற்கே உள்ள இடமானால் தெற்கிலும் இருப்பது உகந்தது. சுழலும் இறக்கையின் நிழல் வகுப்பறைச் சன்னலில் விட்டுவிட்டு விழுந்தால் மாணவர்களின் கவனம் கலையும். காலை மாலைச் சாய்வெயிலுக்கும் இதைச் சோதிக்க வேண்டும்.

பேட்டரியின் அளவை எப்படி முடிவு செய்வது?

மின்சாரம் எதற்கு நிற்கவே கூடாது என்பதை முதலில் பிரித்தெடுங்கள். மாதிரிப் பள்ளியில் இரவுத் தேவை 3 யூனிட். மழைமூட்டமான பகலில் கணினிகளைக் குறைத்து, விளக்குகளுக்கும் அலுவலகத்துக்கும் மின்தகடுகள் தருவது போக 7 யூனிட் தேவைப்படலாம். ஆக 10 யூனிட். லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியில் கொள்ளளவின் 80 விழுக்காட்டைப் பயன்படுத்தி, இழப்புக்குப் பத்து விழுக்காடு விட்டால் சுமார் 14 கிலோவாட் மணிக் கொள்ளளவு வேண்டும். ஈய-அமிலப் பேட்டரியில் பாதிக்கு மேல் இறக்கினால் அதன் ஆயுள் விரைவாகக் குறைவதால், 23 அல்லது 24 கிலோவாட் மணி தேவைப்படும்.

ஈய-அமிலப் பேட்டரி மின்னேறும்போது ஹைட்ரஜன் வெளியிடும். காற்றில் அது 4 விழுக்காட்டை எட்டினால் தீப்பற்றக்கூடும் என்பதால் தனியறையும் மேல்மட்டக் காற்றுவழியும் கட்டாயம். லித்தியம் வகைக்கு ஒவ்வொரு கலத்தையும் கண்காணிக்கும் மேலாண்மைச் சுற்று இன்றியமையாதது. உறைநிலைக்குக் கீழே அதற்கு மின்னேற்றக் கூடாது. எந்த வகையானாலும் அந்த அறை மாணவர்கள் நுழைய முடியாதபடி பூட்டப்பட்டிருக்க வேண்டும். மாடிப்படிக்கு அடியிலோ வெளியேறும் வழியிலோ அது இருக்கவே கூடாது.

காற்றாலையைச் சூரிய சார்ஜ் கண்ட்ரோலரோடு (மின்தகடுகளுக்குரிய கட்டுப்பாட்டுக் கருவி) இணைக்கலாமா?

இணைக்கக் கூடாது. பேட்டரி நிறைந்ததும் சூரியக் கட்டுப்பாட்டுக் கருவி தொடர்பைத் துண்டிக்கும். மின்தகடு அதனால் கெடாது, சற்றுச் சூடாகி நிற்கும், அவ்வளவே. ஆனால் ஓடும் காற்றாலையிலிருந்து சுமையைத் துண்டித்தால் அதைத் தடுத்து நிறுத்தும் விசை போய்விடுகிறது. வேகம் கட்டுமீறி, மின்னழுத்தமும் ஏறி, கருவியே சிதறக்கூடும். அதனால்தான் காற்றாலையின் கட்டுப்பாட்டுக் கருவி மிகுதியைத் தனி மின்தடைச் சுமைக்குத் திருப்பிவிடுகிறது. அந்தச் சுமை காற்றாலையின் உச்ச உற்பத்தி முழுவதையும் தாங்கத்தக்கதாகவும், எரியும் பொருட்கள் எட்டாத இடத்திலும் இருக்க வேண்டும். கையால் இயக்கும் நிறுத்தமும் (பிரேக்) தனியே தேவை.

இரண்டு மூலங்களும் தத்தம் கருவி வழியே 48 வோல்ட் பேட்டரிப் பொது இணைப்பில் சேர்வது சிறிய பள்ளிக்கு எளிய முறை. கோபுரம் தொலைவில் இருந்தால், 48 வோல்ட் நேர்மின்னோட்டத்தில் 3 கிலோவாட்டைக் கொண்டுவர 60 ஆம்பியருக்கு மேல் ஓடும். கம்பி மிகவும் தடிக்கும். உயர்ந்த மின்னழுத்தத்தில் மும்முனை மின்சாரமாகவே கொண்டுவந்து, பேட்டரி அறைக்கு அருகே நேர்மின்னோட்டமாக மாற்றுவது இழப்பைக் குறைக்கும். பல கட்டிடங்கள் கொண்ட பெரிய வளாகத்துக்கு, ஒவ்வொரு மூலமும் தனி இன்வெர்ட்டர் வழியே மாறுமின்னோட்டப் பக்கத்தில் சேரும் முறை பொருத்தமானது.

மின்வெட்டின்போது இந்த அமைப்பு தொடர்ந்து இயங்குமா?

கட்டமைப்போடு மட்டும் இணையும் இன்வெர்ட்டர் என்றால் இயங்காது. வெளியே கம்பியில் வேலை செய்பவரின் உயிரைக் காக்க, கட்டமைப்பில் மின்சாரம் நின்ற உடனே அது தானாகவே அணைந்துவிட வேண்டும் என்பது விதி. மின்வெட்டிலும் வேண்டுமென்றால், பேட்டரியோடு கூடிய, கட்டமைப்பிலிருந்து தன்னைப் பிரித்துக்கொள்ளத்தக்க ஹைப்ரிட் இன்வெர்ட்டரைத் தேர்ந்து, அவசரச் சுமைகளைத் தனிப் பலகையில் பிரித்து வையுங்கள்.

இன்வெர்ட்டர் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்?

ஒரே நேரத்தில் ஓடக்கூடியவற்றைக் கூட்டுங்கள்: வகுப்பறைகள் 2,000, கணினிகள் 1,000, அலுவலகம் 500, மோட்டார் 750, மற்றவை 200 என 4,450 வாட். ஆனால் மோட்டார் தொடங்கும் நொடியில் தன் வழக்கமான மின்னோட்டத்தைப் போல ஐந்தாறு மடங்கு இழுக்கும். ஆகவே அந்த உச்சத்தைத் தாங்கும் 6 கிலோவாட்டுக்குக் குறையாத இன்வெர்ட்டர் வேண்டும். மோட்டாருக்கு மென்தொடக்கி (மெல்ல மெல்லத் தொடங்கவைக்கும் கருவி) பொருத்தினால் இந்தச் சிக்கல் பெரிதும் தணியும். மோட்டாரை நண்பகலில் ஓட்டும்படி நேரக்கருவி வைப்பது அதைவிடவும் எளிது. மேல்நிலைத் தொட்டியில் ஏறிய நீரும் சேமித்த ஆற்றல்தானே.

கூரை தாங்குமா? தகடுகளை எப்படிச் சாய்ப்பது?

மின்தகடும் சட்டமும் சேர்ந்து சதுர மீட்டருக்கு 15 முதல் 20 கிலோகிராம் வரை எடையேற்றும். பெரும்பாலான கான்கிரீட் தளங்களுக்கு இது பாரமல்ல. உண்மையான அபாயம் எடை அழுத்துவதில் இல்லை, புயற்காற்று கீழிருந்து தகட்டைத் தூக்குவதில்தான் உள்ளது. குறிப்பாகக் கூரையின் ஓரங்களிலும் மூலைகளிலும் இந்த விசை மிகுதி. கட்டிடப் பொறியாளரின் எழுத்துமூல ஒப்புதல் இல்லாமல் பழைய கட்டிடத்தில் கைவைக்க வேண்டாம். ஓட்டுக் கூரை, தகரக் கூரை ஆகியவற்றுக்கு இது இன்னும் முக்கியம்.

பூமத்தியரேகையை நோக்கியவாறு, ஏறத்தாழ அந்த இடத்தின் அட்சரேகைக் கோணத்தில் சாய்ப்பது பொதுவிதி. அட்சரேகை சிறிதாக இருந்தாலும் மழைநீர் தூசைக் கழுவிச்செல்லப் பத்துப் பாகையாவது சாய்வு வேண்டும். தகட்டுக்கும் தளத்துக்கும் இடையே காற்றோட்டம் விடுவதும் தேவை: 25 பாகை செல்சியசில் அளந்த திறன், தகடு 65 பாகை செல்சியசுக்குச் சூடேறும்போது பதினான்கு விழுக்காடு அளவுக்குக் குறையக்கூடும். இதற்கு மாறாகக் குளிர்காலையில் மின்னழுத்தம் கூடும். தொடராக இணைத்த தகடுகளின் உச்ச மின்னழுத்தம் இன்வெர்ட்டரின் எல்லையைத் தாண்டாதா என்பதை அந்த இடத்தின் மிகக் குறைந்த வெப்பநிலையில் சோதிக்க வேண்டும்.

இடி, மின்கசிவு, தீ ஆகியவற்றிலிருந்து எப்படிக் காப்பது?

வளாகத்தின் மிக உயரமான பொருளாகக் கோபுரமே ஆகிவிடுவதால் இடிதாங்கியும் நிலஇணைப்பும் பிற்சேர்க்கையாக இல்லாமல் வடிவமைப்பிலேயே இடம்பெற வேண்டும். கோபுரம், தகட்டுச் சட்டங்கள், பேட்டரி அறை, கட்டிடம் ஆகியவற்றின் நிலஇணைப்புகள் அனைத்தும் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டிருக்க வேண்டும். தனித்தனியே விட்டால் இடி விழும்போது அவற்றுக்கிடையே ஆபத்தான மின்னழுத்தம் தோன்றும். கோபுரக் கம்பி கட்டிடத்துக்குள் நுழையும் இடத்தில் திடீர் மின்னழுத்த உயர்வைத் தடுக்கும் மின்னெழுச்சித் தடுப்பான் பொருத்த வேண்டும். நேர்மின்னோட்டப் பக்கத்தில் நேர்மின்னோட்டத்துக்கென்றே தகுதி பெற்ற துண்டிப்பான்களை மட்டுமே பயன்படுத்தலாம். மாறுமின்னோட்டச் சுவிட்சு அங்கே எழும் மின்வில்லை (இடைவெளியைத் தாண்டித் தொடரும் தீப்பொறி) அணைக்காது. வெயில் உள்ளவரை மின்தகட்டை எவராலும் அணைக்க இயலாது என்பதைத் தீயணைப்புப் படையினர் அறியும்படி நுழைவாயிலில் எச்சரிக்கைப் பலகையும் கம்பிப் பாதையின் வரைபடமும் வைப்பது அவசியம்.

விடுமுறை நாட்களில் உற்பத்தியாகும் மின்சாரத்தை என்ன செய்வது?

வார இறுதிகளையும் நீண்ட விடுமுறைகளையும் சேர்த்தால் ஆண்டில் கணிசமான நாட்களில் பள்ளி மூடியிருக்கிறது. அன்றும் உற்பத்தி நிற்பதில்லை. கட்டமைப்புக்கு விற்க இயலும் இடத்தில் அதுவே முதல் வழி. தனித்து இயங்கும் பள்ளியில் நீர் இறைத்தல், நீர் சுத்திகரிப்பு, ஊர்ப் பொதுத்தேவைகளுக்கு விளக்கும் பேட்டரியும் மின்னேற்றித் தருதல் போன்றவற்றுக்குப் பயன்படுத்தலாம். லித்தியம் பேட்டரியை வாரக்கணக்கில் முழுநிறைவில் வைத்திருப்பது அதற்கு நல்லதல்ல. நீண்ட விடுமுறைக்கு மின்னேற்றத்தின் உச்ச வரம்பைத் தாழ்த்தி வையுங்கள்.

பராமரிப்புக்கு யார் பொறுப்பு, என்ன வேலை இருக்கும்?

மின்தகடுகளுக்குத் துடைப்பதும் இணைப்புகளைப் பார்ப்பதும் போதும். உற்பத்தியாளர்கள் 25 ஆண்டுகளுக்குத் திறன் உறுதி தருவது வழக்கம். காற்றாலை அப்படியன்று. அது இரவும் பகலும் சுழலும் இயந்திரம். ஆண்டுக்கு ஒருமுறையாவது இறக்கி, மறைகள், தாங்கிகள், இறக்கையின் முன்விளிம்பு, நிறுத்தம் ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும். உதிரிப்பாகமும் தேர்ந்த ஆளும் எட்டும் தொலைவில் இல்லாத பள்ளி, காற்று எவ்வளவு நன்றாக இருந்தாலும் காற்றாலையைத் தவிர்ப்பதே மேல். முதல் பழுதோடு நின்றுபோய், ஆண்டுக்கணக்கில் அசையாமல் நிற்கும் கோபுரம் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருவது தவறான பாடம். ஒரு ஆசிரியரை மட்டும் நம்பாமல் இருவரைப் பயிற்றுவித்து, வரைபடங்களையும் கையேட்டையும் பள்ளிப் பதிவேடாகவே வைத்திருங்கள். ஆசிரியர்கள் மாறுதலாகிச் செல்வது இயல்பு.

மாணவர்களின் கல்விக்கு இதை எப்படிப் பயன்படுத்தலாம்?

வெயில், காற்று வேகம், இரு மூலங்களின் உற்பத்தி, பேட்டரி நிலை, செலவு ஆகியவற்றைப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பதியும் கருவியை அமைப்போடு சேர்த்தே வாங்குங்கள். பின்னால் சேர்ப்பது கடினம். அந்தப் பதிவுகளை மாணவர்கள் எடுத்தாளும்படி திறந்துவிட்டால், மும்மடி விதியை அவர்கள் தாங்களே வரைந்து பார்க்கலாம். வேகம் குறைந்த பகுதியில் காற்றாலை அசையாமலும், மிகுந்த பகுதியில் தன்னைக் காத்துக்கொள்ளத் திறனைக் குறைத்துக்கொண்டும் இருப்பதால், வளைவு இரு முனைகளிலும் விதியிலிருந்து விலகும். ஏன் விலகுகிறது என்று கேட்பதே நல்ல இயற்பியல் வகுப்பு. ஆண்டு முடிவில், வடிவமைப்பின்போது எழுதிய மின்தேவைப் பட்டியலை அவர்களிடம் கொடுத்து உண்மைச் செலவோடு ஒப்பிடச் சொல்லுங்கள். எந்த அறையில் விளக்கு உணவு இடைவேளையிலும் எரிகிறது, நீரேற்றும் மோட்டார் ஏன் கணக்கைவிட அதிக நேரம் ஓடுகிறது, இரவுத் தேவை எங்கே கூடியது என்பவற்றை அவர்கள் கண்டுபிடித்துத் தரும் எண்களை வைத்தே, அடுத்த ஆண்டுக்குப் பேட்டரியைப் பெருக்குவதா, மின்தகடு சேர்ப்பதா, அளந்து வைத்த காற்றுக்குக் கோபுரம் எழுப்புவதா என்று நிர்வாகம் தீர்மானிக்கலாம்.